டெவனின் கிறில்

ஏப்ரல் 19, சனி

பின்வளவில் கடைசிப் பனியும் கரைந்துவிட்டது. ஏஜாக்ஸ் ஊர் முழுவதும் சேறு. காலையில் யோகம் லீக்ஸ் வெட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஆரபி போன் எடுத்துக் கதைச்சவள்" என்றாள். மகள் தாயுடன்தான் பேசுவாள். என்னுடன் நவம்பரிலிருந்து பேச்சில்லை. நானும் எடுக்கவில்லை. எனக்கும் வைராக்கியம் இருக்கிறது.

"என்னவாம்?"

"மே மாச லோங் வீக்கெண்டுக்கு வாறாளாம். அந்தக் கிறில்லைக் கொண்டுபோக."

"வந்து நிப்பாளோ?"

"கொண்டுபோக எண்டுதான் சொன்னவள்."

எங்கள் பின்வளவில் நிற்கும் அந்தக் கிறில், கோழி சுடும் அடுப்பு, டெவனுடையது. ஆரபியின் கணவன். ஜமேக்காப் பெற்றோருக்குப் பிறந்தவன், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தான். நவம்பர் முதல் கிழமை, நித்திரையிலேயே இருதயம் நின்றுபோனது. முப்பத்தாறு வயது. அடுக்குமாடி வீட்டை விட்டுவிட்டு ஆரபி இப்போது பிராம்டனில் அவனுடைய தாயுடன் இருக்கிறாள். அங்கே வளவு இருக்கிறதாம். கிறில்லை அங்கே வைக்கப் போகிறாளாம்.

இதையும் கொண்டுபோனால் அவள் வந்து எடுக்க இந்த வீட்டில் வேறு சாமான் கிடையாது. யோகம் லீக்ஸைத் தேவைக்கு மேல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் போய்ப் பார்த்தேன். அதை நான் கவனிக்காமல் விட்டேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. உறையைப் போட்டு, அதற்கு மேல் நீலத் தறப்பாள் போட்டு, நைலோன் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தேன். அவிழ்த்தால் தறப்பாளின் உட்பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். மூடி, கால், புகைக்குழாய் எல்லாம் துரு. உள்ளே இரும்புத் தட்டுகள் செம்மண் பூசியதுபோல் கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரன் தன்னுடையதை ஒரு துணிகூடப் போடாமல் பனியில் விட்டான். அவனுடையதில் இதில் பாதிகூட இல்லை. என்ன நியாயமோ.

திரும்பவும் மூடிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இந்த நிலையில் அவளிடம் கொடுக்க முடியாது. வேறொன்றுக்காகவும் அல்ல. இரவல் சாமானைக்கூட நான் கழுவித்தான் கொடுப்பவன்.

மெசின் விளங்குகிறது. கனடாவில் முப்பது வருடம் கார்ப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் நின்றவனுக்கு இது பெரிய வித்தையல்ல. இடப்பக்கம் ஒரு பெட்டி. அதில் பெலட் போட வேண்டும். மரத்தூளை அமுக்கிச் செய்த சின்னச் சின்னக் கட்டைகள், மாட்டுத் தீவனம் மாதிரி இருக்கும். அடியில் ஒரு திருகுதண்டு சுழன்று அவற்றை நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். பிளக்கைப் போட்டால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பெட்டியைத் திறந்தால் பெலட் எல்லாம் ஈரத்தில் ஊதி, சேர்ந்து, சீமெந்து மாதிரி இறுகிக் கிடக்கிறது. குளிர் தொடங்கமுன் பெட்டியை வெறுமையாக்க வேண்டும் என்று டெவன் சொன்னவன். எனக்குச் சொல்லவில்லை, யோகத்துக்கு. நான் யன்னலோரம் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். சாம்பலையும் அள்ள வேண்டும், சாம்பலில் ஈரம் பட்டால் இரும்பைத் தின்றுவிடும் என்றும் சொன்னான். அன்று பேப்பரில் என்ன இருந்தது என்று ஞாபகமில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

பழப்புளியும் உப்பும் போட்டுத் தட்டுகளைத் தேய்த்தேன். ஒரு மணித்தியாலத்தில் வெள்ளையாக வந்துவிட்டது. இதற்குப் போய் ஆட்கள் கடையில் காசைக் கொட்டுகிறார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் தட்டுகள் நேற்றைவிட மோசம். பளிச்சென்று செம்மஞ்சளாய்ப் பூத்திருந்தன. யோகம் யன்னலால் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"உப்புப் போட்டே தேய்ச்சனீங்கள்?"

"குத்துவிளக்குக்கு நீரும் அதைத்தானே போடுறனீர்."

"குத்துவிளக்கு பித்தளையப்பா. இது இரும்பு. இந்த ஊரில பனிக்கு ரோட்டில உப்பைக் கொட்டித்தானே எங்கட கார் உக்கிப் போனது."

கன நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன். ஒரு நொடிதான். பிறகு கதவைச் சாத்திவிட்டாள்.

ஏப்ரல் 26, சனி

கம்பித் தூரிகை, வினாகிரி, மூன்று தரத்தில் துரு தேய்க்கும் உப்புத்தாள், சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ற் வாங்கி வந்தேன். தட்டுகளைப் பெரிய பேசினில் வினாகிரியில் ஊறப் போட்டிருக்கிறேன். வீடெல்லாம் ஊறுகாய் மணம்.

திருகுதண்டு அசையவே இல்லை. பெலட் இறுகி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் நின்றபோது யோகம் தானாகவே போனை எடுத்து, ஆரபிக்கு அடித்து, சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"பிள்ளை, அப்பா அந்தத் தண்டைக் கழட்டப் பாக்கிறார். எப்பிடியெண்டு கேக்கிறார்."

நான் மேசையின் மறுகரையில் நின்றேன். மூச்சு விட்டாலும் கேட்டிருக்கும்.

"அவரிட்டச் சொல்லுங்கோ, முதல்ல கறண்ட் வயரைக் கழட்டச் சொல்லி. பிறகு பின்னுக்கு ஒரு ஆணி இருக்கு. அதை எடுத்துப்போட்டுத் தண்டைக் கையால பின்பக்கமாத் திருப்பச் சொல்லுங்கோ. சுத்தியலால அடிக்க வேண்டாமாம் எண்டு சொல்லுங்கோ."

"கேக்குதோப்பா?" என்றாள் யோகம் என்னைப் பார்த்து.

"ஓம்" என்றேன். போன் வைபட்டுவிட்டது.

அவர். அப்பா இல்லை, அவர். சரி, வயரைக் கழற்றச் சொன்னாளே. வயரை நான் முதலே கழற்றித்தான் வைத்திருந்தேன். இல்லை, இதை எழுதுமுன் போய்ப் பார்த்தேன். கழற்றியிருக்கவில்லை.

மே 3, சனி

ஒரு கிழமையாகக் கரண்டியாலும் பழைய கத்தியாலும் பெலட்டைக் கிண்டி எடுத்தேன். தண்டு இன்றைக்குத்தான் விட்டது. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. சாம்பலை அள்ளியபோது அடித்தகட்டில் சின்ன ஓட்டை தெரிந்தது. சாம்பலும் ஈரமும் சேர்ந்து தின்றது. அவன் சொன்னது சரிதான்.

துரு ஏன் இவ்வளவு பிடித்தது என்பதும் விளங்கிவிட்டது. நான் மூடியது நனைந்திருந்த நேரத்தில். ஈரத்தை உள்ளே வைத்துக் கட்டிவிட்டேன். துடைத்து, ஒருநாள் காயவிட்டுப் பிறகு மூடியிருக்க வேண்டும், அல்லது மூடாமலே விட்டிருக்க வேண்டும். செத்தவீடு முடிந்து வந்த பின்னேரம் அது. மழை. சப்பாத்தையும் கோட்டையும் கழற்றாமலே பின்வளவுக்குப் போய்க் கட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டு குசினியில் நிற்க முடியவில்லை, அதனால் கட்டினேன்.

தட்டுகள் மூன்று. இரண்டில் துரு குழி விழுத்திவிட்டது. மூன்றாவதில் அவ்வளவு இல்லை. அதன் கைபிடியில் பச்சைக் கம்பி சுற்றியிருக்கிறது. யோகம் மச்சம் சாப்பிடாதவள் என்பதால் அவளுக்கென்று டெவன் தனியாக வாங்கிய தட்டு அது. இறைச்சி அதில் படக்கூடாது என்று கம்பியைச் சுற்றி அடையாளம் வைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் அதைப் போட்டு அவளுக்குக் கத்தரிக்காயும் சோளமும் சுடுவான், பிறகுதான் கோழி. நான் மரியாதைக்கு ஒரு துண்டு எடுப்பேன். சில நேரம் மூன்று.

"காரம் காணுமா?" என்று ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் கேட்பான். தமிழில்தான் கேட்பான். ஆரபி பழக்கியிருப்பாள். "பரவாயில்லை" என்பேன். நன்றாக இருந்தது என்று ஒருநாளும் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

மே 5, திங்கள்

மழை. வேலை இல்லை. எழுதவும் விருப்பமில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அந்தப் படத்தைப் பற்றித்தான். டெவனை எரித்த அடுத்த கிழமை என் ஒன்றுவிட்ட அண்ணனின் மகளுக்குக் கலியாணம். யோகம் தலையிடி என்று படுத்துவிட்டாள். நான் பட்டுவேட்டி சால்வையோடு போய், மணவறையில் ஏறி, அறுகரிசி போட்டு வாழ்த்தினேன். அதை ஒருவர் படமெடுத்துப் பேஸ்புக்கில் போட்டார். ஆரபி பார்த்தாள்.

சொந்தத்தில் சாவு என்றால் துடக்கு. முப்பத்தொரு நாள் கோயிலுக்குப் போவதில்லை, நல்ல காரியத்தில் முகம் காட்டுவதில்லை. அது எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மண்டபத்தில் ஒருவர் கேட்கவும் செய்தார், மருமகன் மோசம் போனதல்லோ, உங்களுக்குத் துடக்கில்லையோ என்று. "ரெஜிஸ்டர் கலியாணம். தாலியே கட்டேல்லை. எங்களுக்கு என்ன துடக்கு" என்றேன். நாலு பேர் கேட்கத்தான் சொன்னேன். ஐந்து வருடமாக அந்தக் கலியாணத்தைப் பற்றிப் பின்னால் பேசிய ஆட்கள் அவர்கள். அவர்கள் முன்னால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நின்றேன். சோறு இறங்கவில்லை. பாயாசம் மட்டும் குடித்தேன்.

அதில் பிழை இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை. இன்று அதை யோசிக்கவில்லை. மழை விட்டால் நாளை மூடியைத் தேய்க்க வேண்டும்.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். ஆரபி தாய்க்குப் பூ அனுப்பியிருந்தாள். அட்டையில் என் பெயர் இல்லை, அது தாய்க்கான நாள்தானே.

மூடியும் கால்களும் வெளிப்பக்கம் பெயின்ற் அடித்துக் காய்ந்துவிட்டன. அடித்தகட்டு ஓட்டைக்குத் தகரம் வெட்டி வைத்துத் திருகாணி போட்டு இறுக்கினேன். தட்டுகளுக்குப் பெயின்ற் கூடாது, சாப்பாட்டில் உரிந்து விழும். எண்ணெய்தான். தாராளமாக நல்லெண்ணெய் பூசிச் சூடாக்கினேன். அது பிசினாகிப் பிடித்துக்கொண்டது, தொட்டால் விரல் ஒட்டுகிறது. யோகம் வந்து பார்த்தாள்.

"தோசைக்கல்லுக்கு நான் இப்பிடியே ஊத்துறனான்? பூசிப்போட்டுத் துடைக்க வேணும். இல்லாத மாதிரித் துடைச்சுப்போட்டுச் சூடாக்க வேணும்."

எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலில் இருந்து தொடங்கினேன். மெல்லிய பூச்சு, சூடு, ஆறவிட்டுத் திரும்பவும் பூச்சு. கறுத்து மினுங்கத் தொடங்கியிருக்கிறது.

மே 16, வெள்ளி

முடிந்துவிட்டது. கடைசிப் பூச்சு ஒன்றுதான் மிச்சம். புதுப் பெலட் ஒரு பை வாங்கிப் போட்டேன். பிளக்கைப் போட்டதும் தண்டு உறுமிக்கொண்டு சுற்றியது. புகை வந்ததும் எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. புகைதான்.

ஆரபியும் டெவனின் தம்பி ஓமரும் நாளைப் பத்து மணிக்குப் பிக்கப் வாகனத்தில் வருகிறார்கள். கடைசிப் பூச்சை நாளை ஒன்பதரைக்குப் பூசிச் சூடாக்கலாம் என்று இருக்கிறேன். யோகத்திடம் சொன்னேன்.

"அவை வாற நேரத்திலயோ? கொதிக்கக் கொதிக்க எப்பிடித் தூக்கிறது?"

"எண்ணெய் பூசினால் சூடாக்கத்தான் வேணும். அதுதான் முறை."

"இண்டைக்குச் செய்யலாமே."

"இண்டைக்குக் கை நோகுது."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய் உழுந்தை ஊறப் போட்டாள். வடை ஆரபிக்குப் பிடிக்கும். சுட்டு முடியவும் நேரம் எடுக்கும்.

மே 17, சனி

பத்தேகாலுக்கு வந்தார்கள். முன்கதவால் வரவில்லை. பக்கத்துப் படலையைத் திறந்து நேரே பின்வளவுக்கு வந்தாள். மெலிந்துவிட்டாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். டெவனுடைய பெரிய சாம்பல்நிற ஜக்கற்றைப் போட்டிருந்தாள். ஓமர் எனக்குக் கை தந்தான். தமையனின் அதே உயரம். எனக்கு அவனை நிமிர்ந்து பார்க்கக் கஷ்டமாயிருந்தது.

கிறில் புகைந்துகொண்டு நின்றது. ஆரபி அதைச் சுற்றி வந்து பார்த்தாள். மூடியைத் திறந்து தட்டுகளைப் பார்த்தாள். பச்சைக் கம்பியைப் பார்த்தாள். அதை நான் கழற்றவில்லை. வினாகிரியில் ஊறப் போட்டபோது மட்டும் எடுத்துவிட்டு, பிறகு அதே இடத்தில் சுற்றிவிட்டேன்.

"இது எப்ப ஆறும்?"

ஆறு மாதத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"ஒரு ரெண்டு மணித்தியாலம் செல்லும். உள்ள வந்து இருங்கோவன். அம்மா வடை சுடுறா."

"இஞ்சயே நிக்கிறம்."

படியில் இருந்தாள். ஓமர் தாய்க்குப் போன் பேச என்று வாகனத்துக்குப் போனான், நல்ல பொடியன். யோகம் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்து, மகளின் தலையைத் தடவிவிட்டு, அழுகை வந்ததும் உள்ளே போய்விட்டாள். நான் கிறில்லுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"துரு எல்லாம் எடுத்தாச்சு" என்றேன். "ஈரத்தோட மூடாதை பிள்ளை. நல்லாக் காய்ஞ்ச பிறகு மூடு. குளிருக்கு முதல் பெலட்டை எடுத்துவிடு. சாம்பலையும் அள்ளு."

"அவர் சொன்னவர்தானே அதெல்லாம்."

"ஓம்."

அவள் தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

"அவர் ஏன் இதை இஞ்ச வச்சவர் எண்டு தெரியுமே அப்பா?"

அப்பா என்றாள். அந்தச் சந்தோசத்தில் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை.

"உங்கட பில்டிங்கில வைக்க விடமாட்டினம்தானே."

"எங்கட பில்டிங்கில கீழ ரெண்டு கிறில் இருக்கு. ஆரும் பாவிக்கலாம். இது தேவையே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் இஞ்ச வர ஒரு சாட்டு வேணுமெண்டு வாங்கினவர். சும்மா வந்தால் உங்களுக்குப் பிடிக்காதாம். வேலையோட வந்தால் ஒண்டும் சொல்லமாட்டீங்களாம்."

ஐந்து வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். நான் பேப்பர் வாசித்தேன்.

"செத்தவீட்டுக்கு வந்தனீங்கள். பின் வரிசையில இருந்திட்டுப் போனீங்கள். சரியெண்டு நினைச்சன், அவ்வளவுதான் உங்களால முடியும் எண்டு. அடுத்த கிழமை பட்டுவேட்டியோட சிரிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள். அதை எனக்கு வேற ஆக்கள் அனுப்பினவை அப்பா. உங்கட சொந்தக்காரர்தான். உன்ர அப்பாவுக்குத் துடக்கு இல்லையாம் எண்டு சிரிக்கிற முகம் போட்டு அனுப்பினவை. அவர் உங்களுக்கு ஆருமில்லை எண்டு நீங்கள் அவைக்கெல்லாம் சொல்லிப்போட்டீங்கள்."

பிழைதான் பிள்ளை என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது இருந்து எழுதும்போது எவ்வளவு சின்ன வசனமாக இருக்கிறது. அந்த நேரம் வாயில் வந்தது இதுதான்: "வீட்டிலயிருந்து ஆராவது ஒராள் போகத்தானே வேணும்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட இல்லை. கோபித்திருந்தால் நல்லது. எழும்பிப் போய் ஓமரைக் கூப்பிட்டாள். இருவரும் தடித்த தோல் கையுறைகளோடு வந்தார்கள். அவளே குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"இன்னும் கொதிக்குது பிள்ளை. ஆறட்டும்."

"தெரியும்."

கொதிக்கக் கொதிக்கத் தூக்கினார்கள். புல்லின் மேல் புகை ஒழுகிக்கொண்டு போனது. நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். "கை சுடும், விடுங்கோ" என்றாள். ஓமர் வாகனத்தில் ஏற்றிக் கயிற்றால் கட்டிவிட்டு என்னிடம் வந்தான். அருமையாகத் திருத்தியிருக்கிறீர்கள், அண்ணா பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார் என்று ஆங்கிலத்தில் சொன்னான். யோகம் முதல் ஈடு வடையோடு ஓடி வந்தபோது வாகனம் பின்னுக்கு எடுபட்டுக்கொண்டிருந்தது. யன்னலால் கொடுத்தாள். ஆரபி வாங்கிக்கொண்டாள். தாயின் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

மே 18, ஞாயிறு

யோகம் என்னுடன் பேசவில்லை. மிச்ச உழுந்துமாவில் ஒன்றும் சுடவில்லை.

மே 21, புதன்

கோயிலுக்கு வெளிக்கிட்டுக் காரில் ஏறினேன். இறங்கிவிட்டேன். ஏன் என்று யோகம் கேட்கவில்லை.

மே 25, ஞாயிறு

பின்னேரம் பேரம்பலமும் மனைவியும் வந்தார்கள். என்னோடு தொழிற்சாலையில் நின்றவர், இப்போது விட்பியில் இருக்கிறார். மகனுக்கு ஜூன் மாதம் கலியாணம், நேரில் வந்துதான் சொல்ல வேண்டும் என்று தட்டில் குங்குமம், கற்கண்டு, அழைப்பிதழ் எல்லாம் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். யோகம் தேத்தண்ணி போட்டுக் கொண்டு வந்து வைத்தாள். பேரம்பலம் மண்டபத்தைப் பற்றி, சமையல்காரரைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டு எழும்பித் தட்டை நீட்டினார்.

"தில்லையண்ணை, நீங்கள் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வரேலாது பேரம்பலம். குறை நினையாதேங்கோ. எங்களுக்குத் துடக்கு."

அவர் தட்டை இழுத்துக்கொண்டார். அவர் மனைவி யோகத்தைப் பார்த்தார். யோகம் என்னைப் பார்த்தாள்.

"ஐயோ, தெரியாமப் போச்சே அண்ணை. ஆர்?"

"என்ர மருமகன்."

"டெவனோ? அது போன வருசமெல்லோ. அந்தத் துடக்கு எப்பவோ கழிஞ்சிருக்குமே."

"நாங்கள் அப்ப துடக்கு இருக்கேல்லை. இப்பதான் இருக்கிறம்."

இப்படி ஒன்றை அவர் வாழ்க்கையில் கேள்விப்பட்டிருக்க மாட்டார். நானும்தான் கேள்விப்பட்டதில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கற்கண்டையும் குங்குமத்தையும் திரும்பப் பையில் வைத்து, மனைவிக்குக் கண்ணைக் காட்டினார். போய்வருகிறோம் என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொல்வதில்லை. இருவரும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பேசாமல் வெளியே போனார்கள்.

தேத்தண்ணியை அவர்கள் தொடவில்லை. துடக்கு வீட்டில் குடிக்க மாட்டார்கள். யோகம் இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு போய்ச் சிங்கில் ஊற்றினாள். பிறகு வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.